சருகுமானும் சொல்சுரபியும்

ஒரு காட்டில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் காலையில் மட்டும் பயந்தார்கள். வெயில் ஏறிய பிறகு நிம்மதியாக மேய்ந்தார்கள். இப்படி ஒரு ஏற்பாடு அமைந்ததற்குக் காரணம் அந்தக் காட்டு ராஜாவின் முழங்கால் வலி.

சிங்க ராஜாவுக்கு வயதாகிவிட்டது. மானைக் கண்டால் ஆசை வந்தது, எழுந்து ஓடலாம் என்றால் முட்டி ஒத்துழைக்கவில்லை. மிருகங்களுக்கோ எந்தப் புதருக்குப் பின்னால் அவர் படுத்திருக்கிறாரோ என்று நாள் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினார்கள். தினம் ஒருவர் தாமாகவே குகைக்குப் போய்விட வேண்டும், ராஜா யாரையும் துரத்தக் கூடாது என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. யார் போவது? முயல்கள் பன்றிகளைக் கைகாட்டின. பன்றிகள், "எங்க கொழுப்பு ராஜா உடம்புக்கு ஆகாது, மான் கறிதான் லேசு" என்றன. மான்கள் தலையைக் குனிந்துகொண்டு அழுதன. தினமும் சண்டை, தினமும் ரத்தம். குகைக்குப் போகிறவரைவிட அடிபட்டுச் செத்தவர்கள் அதிகம்.

அந்தச் சமயத்தில் குஞ்சிதம் என்ற நரி ஊரிலிருந்து திரும்பி வந்தார். ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியின் கேன்டீனுக்குப் பின்னால் சில வருஷம் வாழ்ந்து, எலும்போடு கொஞ்சம் படிப்பும் பொறுக்கிக்கொண்டவர். கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ஒரு மடிக்கணினியையும், அதை வெயிலில் ஓட்டும் தகட்டையும் முதுகில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஆலமரத்தடியில் பாறை மேல் அதை வைத்தார்.

"இதுக்குப் பேரு சொல்சுரபி," என்றார். "வார்த்தை எப்படி இருக்கணும்னு ஒரு வடிவம் குடுத்தாப் போதும். அந்த வடிவத்துக்குள்ள அடங்குற எல்லா வார்த்தையையும் இது சுரந்து தள்ளும். புள்ளி வச்சா அந்த இடத்துல எந்த எழுத்தும் வரலாம். புள்ளிக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டா எத்தனை எழுத்தும் வரலாம். அடைப்புக்குள்ள மூணு எழுத்தை வச்சா அந்த மூணுல ஒண்ணு வரும். தினம் காலையில ஒரு வடிவம் குடுப்போம். வர்ற வார்த்தையைக் கிளியம்மா வாய்விட்டுப் படிப்பாங்க. முதல்ல யார் பேரு கூப்பிடப்படுதோ அவங்க குகைக்குப் போகணும்."

"அர்த்தம் உள்ள வார்த்தையா வருமா?" என்று ஒரு கரடி கேட்டது.

"அர்த்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அதனாலதான் இதை நடுநிலைன்னு சொல்றேன்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. யாரும் யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை. நரியும் ஒரு கழுதைப்புலியும் சேர்ந்து வடிவக் குழு என்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். நடுநிலையாக இருக்க வேண்டியவர்கள் என்பதால் அவர்களுக்குப் பெயர் அழைப்பிலிருந்து விலக்கு.

அந்தக் காட்டில் மஞ்சரி என்று ஒரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். காய்ந்த இலையில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு மருதன் என்று ஒரு புருஷன், அப்போதுதான் பால்குடி மறந்த மதுரி என்று ஒரு குட்டி. சருகுமான்கள் பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு 'ம' என்றுதான் பெயரைத் தொடங்குவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் குஞ்சிதம் கொடுத்த வடிவம் இது: முதலில் ம. நடுவில் ரு, லை, ணி மூன்றில் ஒன்று. கடைசியில் தன், யன், டு மூன்றில் ஒன்று.

கிளியம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மருதன்" என்றாள்.

முதல் வார்த்தையே அதுதான். மருதன் வாயிலிருந்த அத்திப்பழத்தை மென்று முடித்தான். மஞ்சரியைப் பார்த்து, "குட்டியை ஓடைப் பக்கம் விடாதே, சறுக்கும்" என்று மட்டும் சொன்னான். பிறகு நடந்துவிட்டான். கிளியம்மா விதிப்படி மீதியையும் படித்தாள். மருயன், மருடு, மலைதன் என்று போயிற்று. 'மணிடு' வந்தபோது கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பன்னீர் என்ற காட்டுப்பன்றி. அன்று மாலையே அவன் மருதன் வழக்கமாகப் பழம் பொறுக்கும் அத்திமரத்தடியைத் தன் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டான்.

அழுது ஓய்ந்த பிறகு மஞ்சரி நரியைப் பார்க்கப் போனாள். தனியாகப் போகப் பயந்து, பக்கத்து வளையில் இருந்த வடிவு என்ற முயலையும் கூட்டிக்கொண்டாள். வடிவு அவளுக்குச் சிநேகிதி. குட்டி பிறந்தபோது பக்கத்தில் இருந்தவள்.

"ஐயா, வாரத்துல பாதி நாள் 'ம'வில தொடங்குற வடிவமே வருது. எங்க வம்சத்து மேல என்ன கோபம்?" என்று மஞ்சரி கேட்டாள்.

குஞ்சிதத்துக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "கோபம் எல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. விசைப்பலகையில எனக்கு அந்த எழுத்துதான் நகத்துக்கு வாகா இருக்கு. மத்ததை எட்டி அடிக்கணும்."

"அதுக்காகவா?"

"வேற ஏதாவது காரணம் இருந்தாத்தானேம்மா தப்பு?"

திரும்பி வரும்போது வடிவு, "இவரைக் கடிச்சு வச்சிருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து மஞ்சரி காலையில் கூட்டத்தின் பின்வரிசையில் ஒளிவதை விட்டுவிட்டாள். முன்வரிசையில் நின்று கிளியம்மாவின் அலகையே கவனித்தாள்.

ஒரு காலை நரி சோம்பலாக, 'ம' என்ற எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் அடித்தார். சொல்சுரபி அரிச்சுவடி வரிசையில் சுரந்தது. "மஅ, மஆ, மஇ" என்று கிளியம்மா இழுத்துக்கொண்டே போனாள். 'மஔ' தாண்டியதும் லேசாக இருமினாள். பிறகு "மக, மகா" என்று தொடர்ந்தாள். திரையில் அந்த இருமலுக்கு நேராக 'மஃ' என்று இருந்தது. கிளியம்மா வாயில் அது வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. மஞ்சரி கவனித்தாள்.

ஃ என்கிற எழுத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் துணை இருந்தால்தான் அது வாயில் ஒலிக்கும். தனியாக விட்டால் தொண்டையோடு நின்றுவிடும். சட்டமோ வாய்விட்டுக் கூப்பிட்ட பெயருக்குத்தான் போக வேண்டும் என்கிறது.

பெயர் மாற்றும் வேலையைக் கருமந்தி ஒருவர் பலாமரத்துக் கிளையில் உட்கார்ந்து பார்த்துவந்தார். கீழே எப்போதும் வரிசை நிற்கும். மஞ்சரி வெயிலில் நின்று, குட்டியோடு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

"என்ன பேரு வேணும்?"

"ஃ."

மந்தி அரிச்சுவடியைப் புரட்டினார். "இது உயிரா, மெய்யா?"

"ரெண்டும் இல்லைங்க."

"ரெண்டும் இல்லாம எப்படிம்மா?"

"எங்க வீட்டுக்காரர் போனதுல இருந்து நானும் அப்படித்தான் இருக்கேன்."

மந்தி விதிகளைப் பார்த்தார். பெயர் என்றால் ஒரு எழுத்தாவது இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இதில் ஒன்று இருக்கிறது. எழுதிக்கொண்டார். குட்டிக்கு ஃஃ என்று எழுதினார். அதன் பிறகு மஞ்சரி குட்டியைக் கூப்பிடும்போது "ஏய்" என்றாள். பழக்கத்தில் வாய் தவறினால் தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செய்தி குஞ்சிதத்தின் காதுக்கு எட்டியது. அவருக்குத் தன் கருவியின் மேல் நம்பிக்கை. மறுநாள் ஃ ஒன்றை மட்டுமே வடிவமாகக் கொடுத்தார். சொல்சுரபி ஒரே ஒரு வார்த்தையைச் சுரந்து நின்றது. கிளியம்மா அலகைத் திறந்தாள், மூடினாள். மூச்சை இழுத்துக்கொண்டு, "அக்கன்னா" என்றாள்.

"அது எழுத்தோட பேரு," என்றாள் மஞ்சரி முன்வரிசையிலிருந்து. "என் பேரு அது இல்லை."

கிளியம்மா மறுபடி முயன்றாள். தொண்டையில் முள் சிக்கியது போல ஒரு சத்தம் வந்தது. நரி தானே முயன்று பார்த்தார். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கழுதைப்புலி முயன்றது சிரிப்பில் போய் முடிந்தது. சூரியன் உச்சிக்கு வந்தது. அன்று குகைக்கு யாரும் போகவில்லை. மஞ்சரி வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் பலாமரத்தடியில் காடே நின்றது. வடிவுதான் முதலில். அவளுக்கு ஃஃஃ கிடைத்தது. அடுத்தவர்களுக்கு நான்கு, ஐந்து என்று நீண்டுகொண்டே போயிற்று. மந்திக்குப் புள்ளி வைத்து வைத்துக் கை வலித்தது. காடு முழுக்க ஒரே சந்தோஷம். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை, அது ஒன்றுதான் குறை. "டேய்", "ஏய்", "உங்களைத்தான்" என்று சமாளித்தார்கள். மஞ்சரியைக் கண்டால் எருமைகூட ஒதுங்கி வழிவிட்டது. பெண்கள் வந்து அவள் கழுத்தை நக்கிவிட்டுப் போனார்கள்.

ராஜா பட்டினி கிடந்தார். குகையிலிருந்து வந்த உறுமலில் ஆலமரத்து இலை உதிர்ந்தது. இன்னும் சில நாள் பார்ப்பேன், அப்புறம் வடிவக் குழுவையே வரச்சொல்வேன் என்று அவர் சொல்லியனுப்பினார். அன்று சாயங்காலம் குஞ்சிதம் ஐயா மஞ்சரியின் புதருக்கே வந்தார். வரும்போது ஒரு கொத்து அத்திப்பழமும் கொண்டுவந்தார்.

"அம்மா, உங்களை மாதிரி வடிவம் புரிஞ்சவங்க இந்தக் காட்டுல கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். நீங்க குழுவுக்கு வரணும்."

"எதுக்கு?"

"தப்பு நடக்குதுன்னு வெளியில இருந்து சொல்லிட்டே இருந்தா யாருக்கு என்ன லாபம்? உள்ள வாங்க. வடிவத்தை நீங்களே எழுதுங்க. நான் ஒரு எழுத்துகூட அடிக்க மாட்டேன்."

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒரு சின்ன விதி. ஃ தனியா பேரு ஆகாது. மாத்தினவங்க பழைய பேருக்குத் திரும்பணும். குழுவுல இருக்கறவங்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு."

மஞ்சரி குட்டியைப் பார்த்தாள். அது அத்திப்பழத்தை மூக்கால் உருட்டிக்கொண்டிருந்தது. மருதன் போன பிறகு அது வயிறாரப் பழம் தின்று அவள் பார்க்கவில்லை. தான் இல்லாவிட்டால் நரி வேறு யாரையாவது பிடிப்பார், அவர்களுக்கு மனசாட்சி இருக்குமோ இருக்காதோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு மிகவும் உதவியாக இருந்தது.

வடிவு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நீ ஒத்துக்கிட்டியாமே?"

"உள்ள இருந்தாத்தான் ஏதாவது செய்ய முடியும், வடிவு."

"செய்வியா?"

"செய்வேன்."

செய்யத்தான் செய்தாள். மஞ்சரி கொடுத்த முதல் வடிவங்களில் செத்துப்போனவர்களின் பெயர்கள் மட்டுமே வந்தன. கிளியம்மா படிக்கப் படிக்க, கூட்டத்தில் சிலர் தங்கள் அப்பா அம்மாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் காலைகள் அழகாக இருந்தன.

அப்புறம் கழுதைப்புலி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கும் இப்படின்னா ராஜா நம்ம மூணு பேருல ஆரம்பிப்பார். சின்னதுல இருந்து ஆரம்பிச்சாத்தான் பசியைத் தூண்டும்னு சொல்றாராம். உங்க வீட்டுல சின்னது ஒண்ணு இருக்கு இல்லையா?"

மறுநாள் மஞ்சரி எழுதிய வடிவம்: ப, பிறகு ன், பிறகு ஒரு புள்ளி, கடைசியில் ர். இதில் பன்னீரும் வரலாம், வராமலும் போகலாம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வராமல் போக வழியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பன்னீர் பெயர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி ஆலமரத்தடிப் பாறை மேடையைப் பார்த்து ஏதோ கத்தினாள். அன்று அத்திமரத்தடி காலியாக இருந்தது. மஞ்சரியும் குட்டியும் போய்த் தின்றார்கள். நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று அவளுக்குப் பட்டது.

பன்னீரைப் போல அவள் வெறுத்தவர்கள் இன்னும் ஓரிரண்டு பேர் இருந்தார்கள். சீக்கிரமே தீர்ந்துபோனார்கள். அதற்குப் பிறகு தெரியாதவர்களின் எழுத்துகளைத் தேடினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், புதிதாக வந்தவர்கள், எப்படியும் இருமிக்கொண்டே இருக்கும் கிழங்கள். முகத்தை நினைக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் கஷ்டம் இல்லை என்று கண்டுகொண்டாள். ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. 'ம'வை அடிக்கவில்லை. அந்த விசைப் பக்கம் குளம்பு போனால் மருதன் நினைவு வந்தது.

மிருகங்கள் முட்டாள்கள் இல்லை. குழுவில் சருகுமான் இருக்கும்வரை 'ம' பத்திரம் என்று காடு முழுக்கப் பேச்சு பரவியது. பலாமரத்தடியில் மறுபடியும் வரிசை. புதுப்பெயர் யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை, முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கரடி கந்தன் மந்தன் ஆனான். பன்னீரின் மகள் பவளம் மவளம் ஆனாள். வடிவு, மடிவு ஆனாள்.

"கேட்கவே ஒரு மாதிரி இருக்கு," என்று சிரித்துக்கொண்டே சிநேகிதியிடம் வந்து சொன்னாள். "ஆனா நிம்மதியாத் தூங்குறேன். உன் புண்ணியம்."

மஞ்சரியும் சிரித்தாள்.

அடுத்த காலை அவள் 'த'வில் ஒரு வடிவம் கொடுத்தாள். யாரும் இல்லை. 'க'வில் கொடுத்தாள், 'ச'வில் கொடுத்தாள். கிளியம்மா குரல் கம்மிப்போகும்வரை படித்தாள். கூட்டம் கொட்டாவி விட்டது. குகைப் பக்கமிருந்து ராஜா உறுமினார். குஞ்சிதம் ஐயா அவள் காதோரம் குனிந்து, "அம்மா, காட்டுல இப்போ இருக்கறது ஒரே எழுத்துதான்" என்றார். குட்டி மேடைக்குக் கீழே நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுதைப்புலி குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சரி 'ம' அடித்தாள். விசை சுலபமாக இறங்கியது. யாரையும் நினைக்கக் கூடாது, அதுதான் நியாயம் என்று எண்ணி, நடுவில் கைக்கு வந்த மூன்று எழுத்தை அடைப்புக்குள் போட்டாள். டா, டி, டு. கடைசியில் ஒரு புள்ளி.

கிளியம்மா 'மடா' வரிசையைப் படித்து முடித்தாள். யாரும் அசையவில்லை. "மடிஅ, மடிஆ" என்று அடுத்த வரிசை தொடங்கியபோதுதான் மஞ்சரிக்கு உறைத்தது. அவள் மனதில் சிநேகிதி இன்னும் 'வ'விலேயே இருந்தாள். பெயர் மாற்றியது நினைவில் நிற்கவே இல்லை.

நிறுத்தும் விசை ஒன்று இருக்கிறது, ஓரத்தில். குளம்பை அதன் மேல் வைத்தாள். அரிச்சுவடியில் 'வு' வெகு தூரம். கிளியம்மா ஒரு இடத்தில் இருமிவிட்டு 'க'வுக்குப் போனாள், 'ச'வுக்குப் போனாள். நிறுத்தலாம். நிறுத்தினால் வேறு வடிவம் கொடுக்க வேண்டும். அதிலும் யாரோ ஒருவர் வருவார், அவருக்கும் ஒரு சிநேகிதி இருப்பாள். 'த' வரிசை முடிந்தது. குட்டி கீழே ஒரு முறை தும்மியது. கழுதைப்புலி அதைத் தடவிக்கொடுத்தார். 'ய' வந்தது, 'ர' வந்தது. குளம்பு விசையின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை.

"மடிவு," என்றாள் கிளியம்மா.

வடிவு புல் மென்றுகொண்டிருந்தாள். பாவம், யாரோ போகப்போகிறார்கள் என்று தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி நின்றார்கள். அவளைச் சுற்றி ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அப்போதுதான் அவள் மேடையை நிமிர்ந்து பார்த்தாள். குழு உறுப்பினர் ஃ அவர்கள் திரையில் அடுத்த வார்த்தையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அது 'மடிவூ'. அந்தப் பெயரில் காட்டில் யாரும் இல்லை.

நீதி: பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து எடுப்பதைவிட, வடிவக் குழுவில் யார் இருக்கிறார் என்று பார்த்து எடுப்பது உத்தமம். வசதி உள்ளவர்கள் பிள்ளையைக் குழுவிலேயே பெற்றுக்கொள்ளவும்.